"பால் பத்தலை" என்று முதலில் சொல்வது யார்?

பிரசவமான பெண்கள் இருக்கும் வார்டில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் போதும், "பால் பத்தலை" என்கிற பேச்சு காதில் விழாமல் இருக்காது. கவனித்துப் பார்த்தால் அதை முதலில் சொல்வது பெரும்பாலும் பெற்றவள் அல்ல. பக்கத்துக் கட்டில் அக்கா சொல்வார். பார்க்க வந்த சித்தி குழந்தையை ஒரு நிமிடம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அது உதட்டைச் சப்பியதும் சொல்வார். நாத்தனார் போனிலேயே கண்டுபிடித்துவிடுவார். காலையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கும் பெண், இருட்டும் நேரத்தில் தானும் அதையே சொல்ல ஆரம்பிப்பாள். "பாலே இல்ல சிஸ்டர் எனக்கு."

நான் சென்னையில் பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம். இங்கே எங்களை மிட்வைஃப், அதாவது பிரசவம் பார்ப்பவர், என்று யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் "சிஸ்டர்"தான். ஆனால் படிப்பை முடித்து நர்சிங் கவுன்சிலில் பதியும்போது நர்ஸ் என்றும் மிட்வைஃப் என்றும் இரண்டாகவும்தான் பதிகிறோம். 1926-ல் வந்த சட்டத்திலேயே இரண்டும் சேர்ந்துதான் இருக்கின்றன. மிட்வைஃபரி போஸ்டிங், அதாவது பிரசவ வார்டுப் பயிற்சி, எனக்கு வட சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில். எது என்று சொல்லப் போவதில்லை. நான் எழுதுவது எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும்.

போஸ்டிங் என்றதும் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது லாக் புக். பிரசவம் பார்த்தது, தையலுக்கு உதவியது, பி.வி. (கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று உள்ளே தொட்டுப் பார்ப்பது) பார்த்தது என்று எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாகக் கட்டங்கள். லேபர் வார்டு வாசலில் ஒரு கேஸுக்காக மெடிக்கல் மாணவர்களோடும் பக்கத்துக் காலேஜ் மாணவிகளோடும் முட்டி மோதுவோம். பால் கொடுக்க உதவுவதற்கு யாரும் முட்டி மோதுவதில்லை. சார்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் "தாய்ப்பாலின் நன்மைகள்" பேசினால் ஒரு ஹெல்த் டாக் முடிந்தது, மேடம் கையெழுத்துப் போட்டுவிடுவார். நானும் பேசியிருக்கிறேன். சீம்பால்தான் முதல் தடுப்பூசி, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம், இரண்டு வயது வரை தொடரலாம். எல்லாம் சரியான தகவல்தான். கேட்கும் பெண்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் தையல் வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

தாய்ப்பால் நல்லது என்று தெரியாத அம்மாவை நான் இதுவரை பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியாதது வேறு. குழந்தையை எந்தக் கையில் பிடிப்பது, தலைக்குக் கீழே எதை வைப்பது, இப்படி அழுகிறதே இது பசியா, சுருக்கென்று வலிக்கிறதே இது சரியா. இதற்கெல்லாம் சார்ட் உதவாது. பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார ஒரு ஆள் வேண்டும். ஸ்டாஃப் சிஸ்டருக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்காது. ஊசி, பி.பி., டிஸ்சார்ஜ் ஷீட், ரிஜிஸ்டர், நடுவில் புது அட்மிஷன் என்று அவர் ஓடிக்கொண்டே இருப்பார். வார்டில் நேரம் இருப்பது எங்களுக்கு மட்டும்தான். மாணவிகளை யாரும் பெரிய ஆளாக மதிப்பதில்லை என்பதும் ஒரு வசதி. டாக்டரிடம் கேட்க வெட்கப்படுவதை எங்களிடம் கேட்டுவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். அதில் சிசேரியன் மட்டும் 44.9 சதவீதம் என்கிறது 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. அந்த ஒரு மணி நேரம் சிசேரியன் ஆன பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று புத்தகத்தில் இல்லை. முதுகில் போட்ட மரப்பு ஊசியின் வேகம் இன்னும் குறைந்திருக்காது. இடுப்புக்குக் கீழே கால் தன்னுடையதுதானா என்றே தெரியாது. ஒரு கையில் டிரிப், கீழே யூரின் டியூப். போட்டிருக்கும் தியேட்டர் கவுனுக்கு முடிச்சு முதுகுப் பக்கம். பால் கொடுக்க வேண்டிய பெண்ணுக்கு முதுகில் திறக்கிற உடையை யார் யோசித்தார்களோ! நான் முதலில் செய்வது அந்தக் கவுனின் முடிச்சை அவிழ்ப்பதுதான்.

அப்படி ஒருத்தி. வியாசர்பாடி, தலைப்பிரசவம், பெண் குழந்தை. அம்மா கூட இருந்தார். நான் போனபோது குழந்தை தொட்டிலில் வீறிட்டுக்கொண்டிருந்தது. இவள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். "எழுந்து உக்காரக் கூடாதுன்னாங்க, எப்படி சிஸ்டர் குடுக்கறது?" உட்கார வேண்டியதில்லை, படுத்தே கொடுக்கலாம். டிரிப் இல்லாத பக்கமாக மெதுவாகத் திருப்பினோம், அவள் அம்மா தோளைப் பிடிக்க, நான் இடுப்பைத் தாங்க. முதுகுக்கு முட்டுக் கொடுக்கத் தலையணை கிடைக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் உபரித் தலையணை என்று ஒன்று கிடையாது. அவர்கள் வீட்டிலிருந்து துணி கொண்டுவந்த கட்டைப் பையை அப்படியே முதுகுக்கு அண்டக் கொடுத்தோம். பழைய காட்டன் புடவை ஒன்றை நாலாக மடித்துக் குழந்தைக்கு அடியில் வைத்தேன். குழந்தையின் வயிறு அம்மாவின் வயிற்றைப் பார்க்கிற மாதிரி ஒருக்களித்து, மூக்கு மார்க்காம்புக்கு நேராக. வாய்க்கு நேராக வைத்தால் சரிவராது, மூக்குக்கு நேராக வைத்தால்தான் குழந்தை தலையைச் சற்று பின்னால் சாய்த்து வாயைப் பெரிதாகத் திறக்கும். காம்பால் மேலுதட்டை லேசாகத் தொட்டுக் காட்டிவிட்டுக் காத்திருந்தோம்.

இந்தக் காத்திருப்புதான் யாராலும் முடியாதது. பாதி வாய் திறந்த உடனே தலையைப் பிடித்து அழுத்தத்தான் எல்லோருக்கும் கை வரும். தலையை அழுத்தினால் குழந்தை திமிறிக்கொண்டு இன்னும் அழும். அவள் அம்மாவின் கை இரண்டு தரம் நீண்டது, இரண்டு தரமும் நான் பிடித்துக்கொண்டேன். குழந்தை கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்தபோது முதுகில் கை வைத்து மொத்தமாக அருகே நகர்த்தினேன். தாடை மார்பில் பதிந்தது. கீழுதடு வெளிப்பக்கம் மடங்கியது. கருவட்டம் மேலே கொஞ்சம் தெரிந்தது, கீழே அனேகமாகத் தெரியவில்லை. முதலில் படபடவென்று சப்பல், அப்புறம் நிதானமான, ஆழமான இழுப்பு, நடுநடுவே "க்க்" என்று விழுங்கும் சத்தம். "கேக்குதா? பால் இல்லாம எதை முழுங்குது?" என்றேன். அவள் அம்மாதான் குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

இனி இரண்டாம் நாள் ராத்திரி. பவுடர் டப்பா வார்டுக்குள் வருவது பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

முதல் நாள் குழந்தை பிறந்த களைப்பில் தூங்கும். இரண்டாம் நாள் ராத்திரி விழித்துக்கொண்டு, அரை மணிக்கு ஒரு தரம் மார்பு கேட்கும். குடிக்கும், பத்து நிமிடம் கண்ணை மூடும், கீழே போட்டதும் மறுபடி அழும். விவரம் தெரியாதவர்களுக்கு இது பசி ஆறாத அழுகையாகத்தான் தெரியும். உண்மையில் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. சப்பச் சப்பத்தான் தாயின் உடம்பில் புரோலாக்டின் சுரக்கும். அந்த ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். முதல் நாள்களில் வருவது சீம்பால், மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாக. ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் என்றால் அந்த வயிற்றுக்கு அதுவே தாராளம். மார்பு நிறைந்து பால் இறங்க மூன்றாம் நாள் வாக்கில் ஆகும், சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம். முதல் சில நாள்களில் குழந்தையின் எடை சற்றுக் குறைவதும் இயல்புதான், பத்து சதவீதத்தை எட்டினால்தான் டாக்டர் உஷாராவார். மீண்டும் பிறந்த எடைக்கு வர இரண்டு வாரம் வரை ஆகலாம்.

இதெல்லாம் ராத்திரி ஒரு மணிக்கு, வார்டே விழித்துக்கொண்டு இவளைத் திரும்பிப் பார்க்கும்போது, எடுபடாது. ஆண்களை உள்ளே விடுவதில்லை, அதனால் புருஷன் கீழே வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருப்பான். போன் போகும். அவன் எதிரே இருக்கும் இருபத்து நாலு மணி நேர மெடிக்கலில் டப்பாவும் புட்டியும் வாங்கி ஆயாம்மா கையில் கொடுத்துவிடுவான். பாவம், குழந்தைக்காக அவனால் செய்ய முடிந்த முதல் காரியம் அது. குழந்தை பவுடர் பாலைக் குடித்துவிட்டு மூன்று நாலு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கும். "பாத்தியா, பசிதான்" என்பார்கள். அந்த மூன்று நாலு மணி நேரம் மார்பில் சப்பல் இல்லை, அதனால் சுரப்பு பின்தங்கும். காலையில் நிஜமாகவே பத்தாது.

பவுடர் பாலை விளம்பரப்படுத்தக் கூடாது, டப்பாவில் குழந்தைப் படம் போடக் கூடாது, தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சடிக்க வேண்டும் என்றெல்லாம் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது, 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். நல்ல சட்டம். கம்பெனிகளை அது கட்டுப்படுத்தலாம், சித்தியை என்ன செய்யும்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

சொந்தக்காரர்களைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. போஸ்டிங்கின் ஆரம்பத்தில் அவர்களை எதிர்க்கட்சியாகத்தான் நினைத்தேன். ஏதாவது சொல்லப் போனால் பாட்டிகள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்பார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது? இப்போது அந்தக் கேள்வி வந்தால் சந்தோஷமாக, "இல்ல பாட்டி, அதான் உங்களைக் கேக்கறேன். நீங்க எத்தனை புள்ளைக்குக் குடுத்தீங்க? உங்க காலத்துல டப்பா இருந்துச்சா?" என்று ஆரம்பித்துவிடுகிறேன். அஞ்சு பிள்ளைக்குப் பால் கொடுத்த கதை வரும். அதைப் பக்கத்தில் படுத்திருக்கும் மருமகளும் கேட்டுக்கொண்டிருப்பாள். என் சார்ட்டை விட அந்தக் கதைக்கு மதிப்பு அதிகம்.

பாட்டிகள் சொல்வதில் தள்ள வேண்டியது உண்டு. பிறந்த குழந்தைக்குச் சேனை என்று நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தடவுவது, எங்கிருந்தோ கழுதைப் பால் தேடிப் பிடித்துச் சங்கில் ஊற்றுவது, சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே விடுவது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறா புட்டு விஷயத்தில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. காசிமேட்டிலிருந்து அதிகாலையில் சுறா வாங்கி, வேகவைத்து உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டு டிபன் பாக்ஸில் கொண்டுவருகிற மாமியார்களைப் பார்த்திருக்கிறேன். பாலுக்கு அது எவ்வளவு உதவுகிறதோ, பெற்றவள் வயிறாரச் சாப்பிடுகிறாள், தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்று நினைக்கிறாள். அது போதும் எனக்கு. ஆனால் அதே மாமியார் "தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்" என்று பாட்டிலைத் தள்ளி வைப்பார். சென்னை மே மாதத்தில், ஃபேன் சூடான காற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும் வார்டில், துண்டைப் போர்த்திக்கொண்டு பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தண்ணீர் கிடையாது! அங்கே மட்டும் பாட்டிலை எடுத்து அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, "டாக்டரம்மா சொன்னாங்க" என்று ஒரு பொய் சொல்லிவிடுவேன்.

காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு எங்கள் வார்டில் ஒரு கை வைத்தியம் உண்டு, எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டு. பத்து எம்.எல். சிரிஞ்சின் ஊசி மாட்டுகிற முனையை பிளேடால் வெட்டிவிட்டு, பிஸ்டனை உருவி, வெட்டிய பக்கத்திலிருந்து திருப்பிச் செருக வேண்டும். வழவழப்பான மறுமுனையைக் காம்பின் மேல் வைத்து மெதுவாக இழுத்தால் காம்பு வெளியே வரும். அரை நிமிடம், ஒரு நிமிடம் பிடித்து விட்டு, உடனே குழந்தையைப் போட வேண்டும். இழுப்பது அந்தப் பெண்ணின் கையாகத்தான் இருக்க வேண்டும், வலி எங்கே தொடங்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். நான் பொறுமையாகச் செய்து கொடுத்த முதல் சிரிஞ்சைப் பார்த்து, பக்கத்துப் படுக்கைப் பெண் "எனக்கும் ஒண்ணு" என்று கேட்டபோது எனக்கு லேபர் வார்டில் கேஸ் கிடைத்த சந்தோஷம்.

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் எழுதாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். குழந்தை இறந்து பிறந்த பெண்ணுக்கும் மூன்றாம் நாள் பால் இறங்கும். உடம்புக்குத் தெரியாது. மார்பு கல் மாதிரி கட்டிக்கொண்டு, நைட்டி நனைந்து, பக்கத்துக் கட்டில் குழந்தை அழும்போதெல்லாம் தானாகச் சொட்டும். இடம் இருந்தால் தள்ளி ஒரு மூலையில் படுக்கை போடுவார்கள். எப்போதும் இடம் இருப்பதில்லை. அவர்களுக்கு மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். பெரியவர்கள் சும்மா செய்தது இல்லை அது. வேலூர் மருத்துவர்கள் இதைப் பால் நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டு, பூவும் சுரப்பைக் குறைக்கிறது என்று 1988-ல் எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்த பெண்ணுக்கு அவள் பெரியம்மா பூ வாங்கி வந்தார். தொடுக்காத உதிரி மல்லி, செய்தித்தாளில் மடித்து. தாங்க முடியாத கனத்துக்குக் கொஞ்சம் மட்டும் பீய்ச்சி எடுக்க நான் உதவினேன், முழுக்க எடுத்தால் மறுபடி ஊறும். மார்பின்மேல் பூவைப் பரப்பித் துணி சுற்றிக் கட்டினோம். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இதை வேற குழந்தைக்குக் குடுக்க முடியாதா?"

முடியும். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. இந்தியாவில் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் வந்தது. கொடுக்கும் தாய்க்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி எல்லாம் பரிசோதிப்பார்கள். பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, கிருமி இல்லை என்று பார்த்து உறைய வைப்பார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு அது மருந்துக்குச் சமம். அந்தப் பெண்ணுக்கு இதைச் சொன்னேன். அவள் கொடுத்தாளா என்பதை எழுதுவது சரியில்லை.

குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலாடையில் புகட்டுவதைப் பார்க்க வேண்டும். வீட்டில் சங்கு என்போமே, அதே வடிவம், இங்கே ஸ்டீலில், வேகவைத்து எடுத்தது. கீழே என்.ஐ.சி.யு.வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) குழந்தை, மேலே வார்டில் அம்மா. அவள் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் கையால் பீய்ச்சி, மூடி போட்ட கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, வயிற்றுத் தையலைப் பிடித்தபடி படியிறங்கிப் போவாள். முதல் தடவை கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருக்கும் அளவுதான் வரும், அதைக் கொண்டுபோகக் கூச்சப்படுவாள். அங்கே இருக்கும் சிஸ்டர் அதையும் ஒரு சொட்டு வீணாக்காமல் வாங்கிக்கொள்வார்.

டாக்டர் எழுதிக் கொடுத்தால் பவுடர் பால் கொடுக்கத்தான் வேண்டும். எடை ரொம்ப இறங்கினால், சர்க்கரை அளவு குறைந்தால், தாய் ஐ.சி.யு.வில் இருந்தால் அது உயிர் காக்கும். அப்போது புட்டி வேண்டாம், பாலாடை போதும். எல்லா முயற்சியும் செய்து பார்த்துவிட்டு, நிஜமாகவே சுரக்காத பெண்களும் உண்டு. ஆகஸ்ட் முதல் வாரத்தில் தாய்ப்பால் வாரம் என்று நாங்கள் வராந்தா முழுக்கக் கோலம் போட்டு, நாடகம் நடத்தி, "தாய்ப்பால் கொடுக்காதவள் தாயா?" என்கிற ரீதியில் வசனம் பேசுகிறோம். கையில் பால் புட்டியோடு அதைக் கடந்து போகும் பெண்ணின் முகத்தை யாராவது பார்த்தோமா? இந்த வருடம் அந்த வசனத்தை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள், கோலம் மட்டும் இருந்தது.

வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகும் என்பது எங்கள் கையில் இல்லை. அலுவலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு 2017 முதல் சட்டப்படி உண்டு. எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் பலர் வீட்டு வேலை செய்கிறவர்கள், பூ கட்டுகிறவர்கள், தினக்கூலிக்குப் போகிறவர்கள். அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் பணமுமாக 18,000 ரூபாய் கிடைக்கிறது, உதவிதான். ஆனால் மூன்றாம் மாதமே வேலைக்குக் கூப்பிடும் வீட்டுக்காரம்மாவுக்கு எந்தச் சட்டமும் தெரியாது. 2015-ல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். ஒரு நிலையத்தில் அந்த அறைக்குள் துடைப்பமும் பினாயில் கேனும் பத்திரமாக இருந்தன. இன்னொன்றில் ஃபேன் ஓடியது, இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று பெற்றவளிடம் பேசுவதை விடக் கூட வந்தவரிடம்தான் அதிகம் பேசுகிறேன். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தரமாவது ஒன்றுக்குப் போனால் பால் பத்துகிறது என்று அர்த்தம், எண்ணிக்கொள்ளுங்கள். மார்பு கட்டிக்கொண்டால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், கொடுப்பதுதான் வைத்தியம். காய்ச்சலோடு ஒரு இடம் மட்டும் சிவந்து வலித்தால் உடனே வாருங்கள். குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால் "சமத்து" என்று விட்டுவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள். பால் பத்துதா என்று அவளிடம் கேட்காதீர்கள், சாப்பிட்டியா என்று கேளுங்கள்.

அடுத்த பேட்ச் ஜூனியர்கள் போஸ்டிங்குக்கு வருகிறார்கள். என்ன கொண்டு போகணும் அக்கா என்று கேட்டார்கள். பத்து எம்.எல். சிரிஞ்ச் ஸ்டாஃப் சிஸ்டரிடம் கேட்டால் தருவார், பிளேடு மட்டும் எடுத்துப் போங்கள். நைட் டூட்டியை மற்றவர்கள் தள்ளிவிட்டால் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டாம் நாள் ராத்திரி அப்போதுதான் வரும். வார்டில் இருக்கும் ஸ்டூல்கள் எல்லாம் பத்து மணிக்குள் அட்டெண்டர்கள், அதாவது கூட வந்தவர்கள், கைக்குப் போய்விடும், ஒன்பதரைக்கே ஒன்றைப் பிடித்து வையுங்கள்.